மூடை ஏறிய ஊஞ்சல்

பெருநாள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வட்டிலப்பத்தின் வாசமல்ல, உப்புக் கயிற்றின் வாசம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் வாப்பா தன் மீன்பிடி வள்ளத்தின் பழைய நங்கூரக் கயிற்றைக் கிணற்றடியில் போட்டுக் கழுவி, அடுத்த வளவிலிருந்த, உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டு மாமரத்தின் பெரிய கிளையில் ஊஞ்சலாகக் கட்டுவார். எவ்வளவு கழுவினாலும் வெயில் ஏற ஏற அந்தக் கயிற்றிலிருந்து கடல் மணக்கும். பலகையில் ஆள் ஏறினால் கிளையோடு உரசி "கிறீச், கிறீச்" என்று முனகும். கல்முனைக்குத் தெற்கே, பெரிய வீதிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த எங்கள் குறுகிய ஒழுங்கையில், பெருநாள் ஓயும் வரைக்கும் பெண்பிள்ளைகளின் அரசாங்கம் அந்த மரத்தடியில்தான் நடந்தது.

நான் பருமனான பிள்ளை. இதை மூடி மறைத்துச் சொல்ல எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அது உம்மா வழி உடம்பு; உம்மாவும் அப்படித்தான், அவவுடைய உம்மாவும் அப்படித்தான். ஒழுங்கையில் எனக்கு வைத்த பெயர் "மூடை". நாவிதன்வெளிப் பக்கமிருந்து நெல் மூடைகள் ஏற்றிக்கொண்டு உழவு "மெசின்" வந்தால் போதும், உன் சொந்தக்காரர் வருகிறார்கள், போய் ஸலாம் சொல்லு என்று என்னைப் பிடித்துத் தள்ளுவார்கள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போனால் உம்மா கண்ணைத் துடைத்துவிட மாட்டா. "ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று சொல்லி, தட்டில் இன்னுமொரு அகப்பை சோறு வைப்பா. இப்படி வளர்ந்த பிள்ளைக்கு ரோசம் வராமல் வேறென்ன வரும்?

ஊஞ்சலில் எனக்குத் தரப்பட்ட வேலை தள்ளுவது. பலமான கை என்று புகழ்ந்து புகழ்ந்தே பலகையில் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். புதுச் சட்டை வியர்வையில் ஒட்டிப் பிடிக்க, ஒவ்வொருத்தியாக நான் தள்ளிவிட, அவளவள் மேலே போய்ச் சிரித்துவிட்டு இறங்குவாள். நான் மண்ணிலேயே நிற்பேன். கயிறு கட்டியது என் வாப்பா, ஆடுவது ஊரார் பிள்ளைகள். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ஆனால் தள்ளுகிறவளின் உள்ளங்கைக்கு ஏறி ஆடுகிறவளுக்குத் தெரியாத செய்தியெல்லாம் வந்து சேரும். சாச்சியின் மகள் சபீனா எலும்பும் தோலுமாக இருப்பாள், அவளுக்குப் பட்டம் "பஞ்சு". அவளை ஒரு தட்டுத் தட்டினால் உச்சிக்குப் போவாள், கையை எடுத்துவிட்டாலோ கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடுவாள். இரண்டு பேர் ஒன்றாக ஏறினால் எடுத்த எடுப்பில் அசைப்பதற்குள் என் இடுப்பு முறியும். பிறகு நான் விலகிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அவர்கள் ஆடிக்கொண்டே இருப்பார்கள். பாரம் மசிவதற்குத்தான் அடம்பிடிக்கும், மசிந்துவிட்டால் நிற்பதற்கும் அடம்பிடிக்கும் என்று என் கை கண்டுபிடித்து வைத்திருந்தது. நெல் ஏற்றிய மெசினும் அப்படித்தானே, புறப்படவும் சுணங்கும், நிற்கவும் சுணங்கும்.

பெருநாளின் கடைசிப் பின்னேரம் ஒரு போட்டி நடக்கும். பலகையைக் கிணற்றுக் கட்டு வரைக்கும் பின்னால் இழுத்து விட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஒருவரும் தள்ளக்கூடாது, ஏறியவளும் காலால் "உழக்க"க்கூடாது. சுற்றி நிற்பவர்கள் ஊஞ்சல் பாட்டுப் பாடுவார்கள், ஒரு போக்குக்கு ஓர் அடி, ஒரு வரவுக்கு ஓர் அடி. யாருடைய ஆட்டத்துக்குப் பாட்டு அதிகமாகச் செல்கிறதோ அவள்தான் அடுத்த பெருநாளுக்கு ஊஞ்சலின் ராணி, முதல் ஆட்டம் அவளுக்கு. ஒவ்வொரு வருடமும் சபீனாதான் ராணி. பஞ்சுதானே பறக்கும் என்பது எல்லாருடைய முடிவு. சபீனாவோடு போட்டிக்கு ஏறுகிறவர்களும் அவளைப் போலவே ஒல்லிகள்தான்.

அந்த வருடம் சபீனா இறங்கியதும் நான் பலகையைப் பிடித்துக்கொண்டு, நானும் ஏறப்போகிறேன் என்றேன். ஒரே சிரிப்பு. மூடை ஏறினால் ஊஞ்சல் ஊர்ந்துதான் வரும், பாட்டை ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாட வேண்டி வரும் என்றாள் ஒருத்தி. சாச்சி குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, கயிறு அறுந்து கை கால் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பலகையைப் பறிக்கப் பார்த்தா. நான் விடவில்லை. இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் பிறகு ஆயுளுக்கும் தள்ளுகிறவள்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

விறாந்தையில் பெருநாள் சோறு தின்றுகொண்டிருந்த வாப்பா, கையைக்கூடக் கழுவாமல் எழும்பி வந்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"கடல்ல வள்ளத்தப் புடிச்சி வெச்ச கயிறு, என்ட புள்ளயப் புடிக்காதா? ஏறு மகள்" என்றார்.

ஏறினேன். என்னைக் கிணற்றுக் கட்டு வரைக்கும் இழுக்க நாலைந்து பேர் சேர வேண்டியிருந்தது, அதற்கும் ஒரு சிரிப்பு. விட்டார்கள். கிளை ஒருமுறை ஆழமாக முனகியது. என்னைக் கேலி செய்வதற்கென்றே பாட்டை வேண்டுமென்று இழுத்துத் தொடங்கினார்கள். ஊஞ்சல் அவர்களுடைய அடியை முந்திக்கொண்டு திரும்பி வந்தது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி முந்தியது. வேறு வழியில்லாமல் சபீனாவுக்குப் பாடிய அதே தாளத்துக்கு வந்தார்கள். அப்போது ஒரு துளிகூட விலகாமல் பாட்டு என் ஊஞ்சலில் பொருந்தியது. என் பாரத்துக்காகப் பாட்டு இழுபடவில்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்குவதை நான் மேலே போகும்போதும் கேட்டேன், கீழே வரும்போதும் கேட்டேன்.

பாட்டு ஒருமுறை முடிந்தது, திரும்பத் தொடங்கியது, சபீனாவின் எல்லையைத் தாண்டியது. அவர்களுக்குத் தொண்டை வறண்டது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பாங்கு சொல்லும்போது பாடலாமா? எல்லாரும் வாயை மூடிக்கொண்டு முந்தானையையும் தாவணியையும் தலைக்கு இழுத்துவிட்டார்கள். நானும் ஒரு கையால் இழுத்துக்கொண்டேன். பாட்டு அடங்கிய அமைதிக்குள், பாங்கின் ஒலிக்கு நடுவே, நான் மட்டும் போனேன், வந்தேன். காற்று சட்டைக்குள் புகுந்தது. மூடையென்று சொன்ன அத்தனை முகங்களும் அண்ணாந்து என்னைப் பார்த்தன. அல்லாஹ்வே, அந்த நேரம் எனக்கிருந்த பெருமையை எந்தத் தராசில் நிறுப்பது?

பாங்கு முடிந்தும் நான் ஓயவில்லை. தொழப்போக நேரமாகிறதென்று சபீனா ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். ஊஞ்சல் அவளையும் சேர்த்து இழுத்துப்போய் மண்ணில் உட்கார வைத்தது. அவள் அழுவாளென்று நினைத்தேன். பாவாடையைத் தட்டிக்கொண்டு எழும்பி, வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஒன்ன நிப்பாட்டவும் ஏலாதுகா" என்றாள்.

பின்னாளில் நான் விஞ்ஞானம் படித்து, படிப்பிக்கவும் வந்தபோது இதற்கெல்லாம் கணக்கு இருப்பது தெரிந்தது. பாரம் கூடினால் கீழே இழுக்கும் இழுவை கூடும், அசைவதற்குக் காட்டும் அடமும் அதே அளவு கூடும்; ஒன்றுக்கொன்று சரியாய்ப் போவதால் ஒல்லியும் பருமனும் ஒரே தாளத்தில்தான் ஆடுவார்கள். காற்றோ எல்லாரையும் ஏறத்தாழ ஒரே பலத்தோடுதான் மறிக்கும். பஞ்சை அது கெதியாக நிறுத்திவிடும், மூடையிடம் அதன் பாச்சா பலிக்காது. வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறதென்று பிள்ளைகள் சொல்கிறார்கள். உயரட்டுமே.

மாமரம் இப்போது இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். சபீனாவுக்கு வீடு எழும்பியபோது மரம் விழுந்தது, எனக்கு வீடு எழும்பியபோது கிணற்றுக் கட்டும் போனது. ஊஞ்சலாடிய நாங்களேதான் ஊஞ்சலின் இடத்தில் குடியிருக்கிறோம். கயிறும் இல்லை, வாப்பாவும் இல்லை, அந்தப் பாட்டை முழுதாகப் பாட எங்களிருவரையும் விட்டால் ஒழுங்கையில் ஆளும் இல்லை.

போன பெருநாளுக்குக் கடற்கரைச் சிறுவர் பூங்காவுக்குப் போயிருந்தோம். சபீனா இன்னும் பஞ்சுதான். அவளுடைய கடைசி மகளுக்கு எப்படியோ எங்கள் உம்மா வழி உடம்பு வாய்த்திருக்கிறது. இரும்புச் சங்கிலி ஊஞ்சலில் மற்றப் பிள்ளைகள் ஆட, இவள் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் வாயெடுப்பதற்குள் சபீனா மகளின் கையைப் பிடித்துக் காலியாகக் கிடந்த ஊஞ்சலுக்குக் கூட்டிப்போனாள்.

"ஏறு மகள். ஒன்ன ஒருத்தராலயும் நிப்பாட்ட ஏலா" என்றாள்.

நாங்களிருவரும் சேர்ந்து பின்னால் இழுத்து விட்டோம். நான் வாய்க்குள் அந்தப் பாட்டைத் தொடங்கினேன். கொஞ்சம் விரைவாகப் பாட வேண்டியிருந்தது. சங்கிலியின் நீளம் குறைவு, அதனால்தான், பிள்ளையின் பாரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. பக்கத்து ஊஞ்சலில் ஒரு மெலிந்த பிள்ளை அதே தாளத்தில் போய் வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய ஊஞ்சல் ஓய்ந்தது, அதற்கடுத்ததும் ஓய்ந்தது. சபீனாவின் மகள் ஆடிக்கொண்டிருந்தாள்.