சாமி வந்தால் கொட்டாவி வருமா?

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத்தில் கூட்டத்துக்காகப் போட்ட மருத்துவக் கொட்டகையில் எனக்கு ஸ்டாஃப் நர்ஸ் டூட்டி. சர்வீஸ் ஆறு வருஷம். எல்லாம் தெரியும் என்ற திமிரும் கூடவே வளர்ந்திருந்தது.

மத்தியானம் ஆர்.கே.பேட்டை நெசவாளி முனிரத்தினத்தைத் தூக்கி வந்தார்கள். காவடிக்கு விரதம் இருந்தவர். வாந்தி, பேதி, நடுக்கம், கையெல்லாம் மயிர்க்கூச்சு.

"சாமி வந்துகீது, மலைக்கு இட்டுனு போவணும்" என்று அவர் அண்ணன் சண்டைக்கு வந்தார்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல. காலரா. ஓரமா நில்லுங்க" என்று அதட்டி, சலைன் ஏற்றி, கேஸ் ஷீட்டிலும் காலரா என்றே எழுதினேன்.

அவர் மனைவி பாக்கியம்மா மட்டும் என்னை விடவில்லை. "சிஸ்டர், காத்தாலேர்ந்து கொட்டாவி உட்டுகினே கீறாருங்க. மூக்கு வேற ஒழுவுது. சாமி வந்தா கொட்டாவி வருமாங்க? காலராவுக்குத்தான் வருமா?"

எனக்குச் சுருக்கென்றது. கொட்டகையில் டூட்டியிலிருந்த டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி விரிந்திருந்தது. தொடையில் வரிசையாக ஊசித் தழும்பு.

"கல்லடைப்பு வலிக்கு எட்டு மாசமா தெனம் ஊசிங்க. விரதம்னு நேத்துலேர்ந்து நிறுத்திட்டாரு" என்றார் பாக்கியம்மா.

"பெத்தடின். அபின் மாதிரி பழகிப்போற வலி மருந்து" என்றார் டாக்டரம்மா. "அந்த மருந்து மூளையில இருக்கற செல்லுங்கள அமுக்குது. அதுங்களும் எதிர்த்துத் தள்ளிப் பழகிடுது. கதவ ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் தள்ளினு இருக்கறப்ப, ஒருத்தன் சட்டுனு உட்டுட்டா?"

"இன்னொருத்தன் குப்புற வுழுவான்" என்றார் பாக்கியம்மா.

"ஆங். அதான் இப்ப நடக்குது. கொட்டாவி, வாந்தி, மயிர்க்கூச்சு எல்லாம் அதாலதான். மறுபடி கொஞ்சம் ஊசி போட்டு, மெள்ளக் குறைக்கணும்."

முனிரத்தினம் கையை உதறினார். "செத்தாலும் வாணாம். முருகனுக்கு வாக்கு குடுத்துட்டேன்." நாடியோ பலவீனமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று டாக்டரம்மா என் காதில் சொன்னார்.

பாக்கியம்மாதான் புருஷனிடம் பேசினார். "மலைக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு படி பாவா. ஒரே தாண்டா தாண்டிடுவியா? ஒவ்வொண்ணா ஏறுனாலும் போய்ச் சேர்றது அதே முருகங்கிட்டதான்."

முனிரத்தினம் ஊசிக்குக் கையை நீட்டினார்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்து, ஊசியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். கேஸ் ஷீட்டில் நான் எழுதியதை நானே அடித்துத் திருத்தினேன். டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கு இன்றும் அவருக்கு நன்றி.

இளைய சிஸ்டர்களுக்கு ஒன்று சொல்வேன். "என்ன சாப்பிட்டே?" என்று எல்லோரும் கேட்கிறோம். "எதை நிறுத்தினே?" என்றும் கேளுங்கள். ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு நோயாளியிடமும் நான் கேட்டேன். அதைக் கற்றுக்கொடுத்த மகராசி பாக்கியம்மா.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு முனிரத்தினம் தோளில் காவடியோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். "சிஸ்டர், போய்ட்டு வரேன்" என்று சொல்லிப் படியேறினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. நான் எதையும் நிறுத்தியிருக்கவில்லை.