காண்டாமிருகம் போட்ட நாலணா

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு மஞ்சள் முடிச்சு இருக்கிறது. துணி வெளுத்து, முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. அதன் ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்து, அம்மா சிவப்பு நூலில் போட்டது. என் பள்ளிக்கூடக் கைக்குட்டை அது.

எட்டு வயதில் எனக்கு டைபாய்டு வந்தபோது அத்தைதான் அதில் காசு முடிந்தாள். அப்பாவின் அக்கா. ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு அடுத்த தெரு. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் வேண்டுதல் காசு எப்போதும் ஒன்றேகால் ரூபாய்தான். வெறும் ரூபாயை முடியமாட்டார்கள். கூடவே ஒரு கால் சேர வேண்டும். ஒரு ரூபாயையும் காண்டாமிருகப் படம் போட்ட நாலணாவையும் என் தலையைச் சுற்றி எடுத்து, மஞ்சள் தோய்த்த கைக்குட்டையில் முடிந்து சாமிப் படத்தடியில் வைத்தாள். காய்ச்சல் விட்டதும் ஏழுமலையான் உண்டியலில் தானே போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லட்டோடு வந்தாள்.

“மலையில உன் காசு இருக்கு கண்ணு, பயப்படாத.” பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் முதல் இன்டர்வியூவுக்கும் பிரசவத்துக்குப் போனபோதும் அத்தை இதைத்தான் சொன்னாள். நான் எதற்கும் பயப்படுகிறவள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இழுத்துப் பார்த்ததே இல்லை.

போன மாதம் என் ஐந்து வயது மகளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் தினமும் இறங்கிக்கொண்டே வந்தது. கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ஒன்றேகால் ரூபாய் தேடிப் புறப்பட்டேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் வீட்டில் காசென்று எதுவுமே இல்லை. காய்கறிக்காரருக்குக்கூட ஃபோனில்தான் கொடுக்கிறோம். ஒரு மொய்க் கவரில் ஒட்டியிருந்த ரூபாயைப் பிய்த்தெடுத்தேன். நாலணாவை அரசே நிறுத்தி வருடங்கள் ஆகின்றன என்று தெரியும். ஆனாலும் யாருடைய டப்பாவிலாவது கிடக்கும் என்று நம்பினேன். ஆஸ்டின் டவுன் பூஜைச் சாமான் கடைக்காரர் சிரித்துவிட்டார். “நாலணாவா? எட்டணா குடுத்தாலே ஜனங்க மூஞ்சிலே வீசறாங்க மேடம். மியூசியத்துல கேளுங்க.”

அங்கிருந்து அத்தை வீட்டுக்குப் போனேன்.

“அத்தே, பழைய நாலணா ஒண்ணு இருக்குமா?”

“இரு, பீரோல எங்கியோ பாத்த ஞாபகம்.” உள்ளே போனவள் ஒரு முடிச்சோடு வந்தாள். “இதுக்குள்ள இருக்கு பாரு. பிரிச்சு எடுத்துக்கோ.”

சிவப்பு எழுத்தைப் பார்த்தேன்.

“இது என்னுதாச்சே! மலையில போட்டேன்னு சொன்னியே?”

அத்தை கொஞ்சம் விழித்தாள். “லீவு குடுக்கலடி அந்த சூப்பர்வைசர். அப்பறம் போலாம்னு வெச்சேன். அப்படியே மறந்துபோச்சு.”

“லட்டு?”

“கூட வேலை செஞ்சவ போயிட்டு வந்து குடுத்தா. நீ தெனம் கேட்டு உயிரை வாங்குனே, இன்னா சொல்றது? நல்லாத்தானே ஆயிட்டே! இப்பல்லாம் உண்டியலுக்கு ஃபோன்லயே அனுப்பலாமாமே. அனுப்பேன், ஒண்ணேகால் ரூபா கரெக்டா போவும்.” அவளே சிரித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். முடிச்சை அவிழ்க்கவில்லை. போய்ச்சேராத காசை எடுத்து என் குழந்தையின் தலையைச் சுற்ற மனம் வரவில்லை; சுற்றாமல் விட்டதும் தப்போ என்று பயந்தபடியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளில் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது.

லீவு கிடைக்காததன் கஷ்டம் எனக்கும் தெரியும். அவள் போகாததை மன்னித்துவிடலாம். பிரசவ வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மலையில் காசு இருக்கிறதென்று திரும்பச் சொன்னாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாக நடுங்கியிருப்பேனோ என்றும் தோன்றுகிறது. இரண்டு முறை அத்தை ஃபோன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

நேற்று மகள் கைப்பையைக் குடைந்து முடிச்சை எடுத்துவிட்டாள். “என்னம்மா இது?”

“எனக்குக் காய்ச்சல் வந்தப்ப சாமிக்கு முடிஞ்சு வெச்ச காசு.”

“சாமிக்குக் குடுக்கவே இல்லியா?”

“இல்ல.”

“அப்ப நீ எப்படி நல்லாயிட்டே?”

லட்டு மாதிரி ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது.

“தெரியல கண்ணு” என்றேன். அவள் முடிச்சைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ரூபாயும் நாலணாவும் லேசாக உரசிக்கொண்டன.