வியாழக்கிழமை கட்டிய பணம்

என் மனைவி அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்த மாதங்களில், அவள் எங்கே போகிறாள், என்ன வாங்குகிறாள் என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிவந்தது வங்கிதான்.

அவளிடம் இருந்தது என் கிரெடிட் கார்டோடு சேர்த்து வாங்கிய துணைக் கார்டு. அவள் பெயர் போட்டிருக்கும், கணக்கு என்னுடையது. அங்கே ஒரு கடையில் அதைத் தேய்த்தால் போத்தனூரில் என் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். தேதி, நேரம், கடையின் பெயர், எத்தனை டாலர். அங்கே சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகு அவள் கடைக்குக் கிளம்புவாள். இங்கே அப்போது விடியற்காலை. நான் எழுந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தால், அவளுடைய நாள் அதில் வந்து கிடக்கும்.

அவள் அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது போட்ட ஒரே நிபந்தனை இந்தக் கார்டு. "மாப்பிள்ளை காசுல ஒரு சோப்புக்கட்டி கூட வாங்க மாட்டேனுங்க" என்றாள். காங்கேயத்தில் அவள் பிறந்த வீட்டில், பெண்ணைக் கொடுத்த இடத்துக்குப் போகிறவர்கள் பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு வேளை சாப்பிட்டுப் பொழுதோடு திரும்பிவிடுவார்கள். அமெரிக்காவிலிருந்து பொழுதோடு திரும்ப முடியாது. பேத்தி நடக்கத் தொடங்கும்வரை அங்கே இருப்பதாக ஏற்பாடு. அத்தனை நாளும் மருமகன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. காய்கறி, பால், குழந்தைக்கான சாமான் எல்லாம் தன் கையால் வாங்கிப் போட்டால்தான் சோறு இறங்கும் என்றாள். நானும் சரியென்று வெளிநாட்டுச் செலவுக்கு அந்தக் கார்டைத் திறந்துவிட்டேன்.

நாங்கள் போனில் பேசாமல் இல்லை. தினமும் வீடியோவில் பேசினோம். ஆனால் அது பேச்சா என்று எனக்குச் சந்தேகம். படத்தில் பேத்தியின் நெற்றிதான் பெரும்பாலும் தெரியும். "சாப்டீங்ளா?" "ஆச்சு." "என்ன செஞ்சீங்க?" "ரசம்." "நேத்தும் ரசந்தானுங்ளே?" "நேத்து தக்காளி ரசம், இன்னைக்கு மிளகு ரசம்." அதற்குள் குழந்தை போனைப் பிடித்து இழுக்கும். "அப்பறம் கூப்புடறேனுங்க." முடிந்தது.

குறுஞ்செய்திகள்தான் விரிவாகப் பேசின. நான் ரயில்வேயில் இருந்தவன்; பணிக்காலத்தின் கடைசிப் பகுதி போத்தனூர் ஸ்டேஷனில். அடுத்த ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்பட்டது என்று போன் வந்தால், அது இந்நேரம் எந்த வளைவில் இருக்கும் என்று கண்ணால் பாராமலே சொல்லிவிடுவேன். அதே முறையில் அவளையும் தொடர்ந்தேன். இந்திய மளிகைக் கடை என்றால் தேங்காயும் கறிவேப்பிலையும். மார்கழி தொடங்கியதும் துணிக்கடையில் பெரிய தொகை ஒன்று வந்தது, பனிக்காலத்துக் கோட்டு. ஒரே வாரத்தில் மருந்துக்கடை மூன்று முறை வந்தது; பேத்திக்குக் காய்ச்சல் என்று புரிந்துகொண்டேன். அவர்கள் சொல்லவில்லை, நான் கவலைப்படுவேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் கேட்கவில்லை. நாட்குறிப்பில் மட்டும் எழுதினேன்: பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நான்காம் நாள் தேறியது.

இவற்றுக்கு நடுவே ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஒரு காப்பிக் கடை. வாரத்தில் மூன்று நான்கு நாள். எப்போதும் ஒரே சிறிய தொகை. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாற்பது வருடத்தில் அவள் வெளியே காசு கொடுத்துக் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. "அந்தக் காசுக்கு ஊட்ல பத்துப் பேருக்குப் போடலாம்" என்பாள். ஆகவே அங்கே யாரோ சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்று தீர்மானித்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைந்த எங்கள் பீளமேட்டுப் பக்கத்திலிருந்து மகளையோ மகனையோ பார்க்கப் போன பெண்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அப்படி ஒருத்தி. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தெலுங்கு கலந்தோ கலக்காமலோ பேசுகிறார்கள். ஆளுக்கு ஒரு நாள் காசு கொடுக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இங்கே நான் பகலெல்லாம் படித்துவிட்டு, சாயங்காலம் கறிகாய்க்காரரிடம் பேசுவதோடு என் வாய்க்கு வேலை முடிந்துவிடும்.

கார்டுக்கான பணம் மாதாமாதம் ஐந்தாம் தேதி கட்ட வேண்டும். நான் மறந்து அபராதம் கட்டிவிடக் கூடாதென்று, மகள் ஊருக்கு வந்திருந்தபோதே முழுத் தொகையும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவைத்திருந்தாள். தேதி விஷயத்தில் நான் மறப்பேன் என்று நினைத்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் விட்டுவிட்டேன். மாதங்கள் ஒழுங்காக நடந்தன.

தை கழிவதற்குள் வந்த ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து பணம் வெளியே போகாது. அது அவள் சட்டம். பால்காரருக்குக்கூட வியாழனோ சனியோதான். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. அவள் இருக்கும்போது கேலி செய்திருக்கிறேன். ஆனால் அவள் போன பிறகு நான் அதை அவளைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் அவள் வைத்த சாமான்களை இடம் மாற்றாமல் இருந்ததுபோல இதுவும்.

எனவே வியாழக்கிழமை பகலில், போனிலேயே கார்டுக்கான முழுத் தொகையையும் கட்டினேன். கடன் தீர்ந்தது, இனி வங்கி எதை எடுக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வங்கி அதே தொகையை மறுபடியும் எடுத்துக்கொண்டது.

கோட்டு, பூட்ஸ், இங்கே நான் மாற்றிய இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் சேர்ந்த மாதம் அது. என் பணத்தில் பெரும்பகுதி டெபாசிட்டில் இருக்கிறது; சேமிப்புக் கணக்கில் அளவாகத்தான் வைத்திருப்பேன். இரண்டு முறை போனதும் அது ஏறக்குறைய காலி. அடுத்து எங்கள் இருவருக்குமான மருத்துவக் காப்பீட்டுத் தவணை தானாகப் போக வந்தது. பணம் இல்லையென்று திரும்பியது. அதற்கு ஒரு அபராதம். காப்பீட்டுக்காரர்கள் மகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

"என்னங்கப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள் மகள். "இன்சூரன்ஸ் திரும்பிருச்சுன்னு மெயில் வருது. எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல."

நடந்ததைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையா?" அவள் சிரித்துவிட்டாள். "அப்பா, அம்மா இங்க வெள்ளிக்கிழமைதான் மளிகையே வாங்கறாங்க. அன்னைக்குத்தான் எனக்குக் காரெடுக்க நேரம்."

சனிக்கிழமை விடியற்காலையில் எனக்கு வந்த மளிகைக் கடைச் செய்திகள் எல்லாம் அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலத்தவை. மணியையும் தேதியையும் வைத்தே பிழைத்தவன் நான். ஒரு முறைகூட எனக்கு அது தோன்றவில்லை.

வங்கியில் கார்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. கணினியைப் பார்த்துவிட்டு, "ஆட்டோ டெபிட் போட்டிருக்குதுங்களே ஐயா, அப்பறம் எதுக்குங்க கையிலயும் கட்டுனீங்க?" என்றாள்.

"வெள்ளிக்கிழமைங்க அம்மணி."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "எங்கம்மாவும் அப்படித்தானுங்க. வெள்ளிக்கெழமை ஏடிஎம் பக்கமே உட மாட்டாங்க." பிறகு விளக்கினாள். "ரெண்டு மூணு நாளைக்கு முன்னாலயே இங்கிருந்து பணம் கேட்டு உத்தரவு போயிருமுங்க. அதுக்கப்பறம் நீங்க கட்டினாலும் அது நிக்காதுங்க. கையில கட்டறதுன்னா நல்லா முன்கூட்டியே கட்டிப்போடோணும். இல்லீன்னா பேசாம உட்டுறோணும். ரெண்டும் பண்ணுனா இப்படித்தான்."

"போன பணம்?"

"எங்கயும் போகலீங்க. கார்டுல உங்க பேர்ல வரவா நிக்குது. எழுதிக் குடுத்தீங்கன்னா கணக்குக்கே திருப்பிரலாம். இல்லீன்னா அப்படியே வெச்சு செலவு பண்ணிக்கலாமுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிப்பதற்குள் மகள் முடிவெடுத்துவிட்டாள். "அந்தத் துணைக் கார்டை மூடிருங்கப்பா. இங்க தேய்க்கற ஒவ்வொரு வாட்டிக்கும் கூடுதல் சார்ஜ் வேற போடறாங்க. அம்மாவுக்கு எங்க கார்டுலயே ஒண்ணு வாங்கியாச்சு. உங்களுக்கும் தலைவலி இல்ல."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கணக்குப் பார்த்தால் முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை செய்தி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பால் காயும்வரை கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். மின்வாரியத்திலிருந்து ஒன்று வந்தது. காலிமனை விற்கிற ஒருவரிடமிருந்து ஒன்று வந்தது. வழக்கம்போல அவளோடு பேசினோம். ரசம் பற்றிக் கேட்டாள். குழந்தை போனை இழுத்தது. அதற்கு மேல் அவள் எங்கே போனாள் என்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கார்டை மூடுவதற்கான படிவத்தை வாங்கி வந்திருந்தேன். கையெழுத்துப் போடாமல் மேசைமேல் வைத்திருந்தேன். மகள் இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். வங்கியில் கூட்டம் என்று பொய் சொன்னேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒருநாள் பேத்தி சீக்கிரம் தூங்கிவிட்டாள். படத்தில் முதல் முறையாக மனைவியின் முகம் முழுதாகத் தெரிந்தது. இளைத்திருந்தாள்.

"அந்தக் கார்டை என்னத்துக்குங்க இன்னும் வெச்சிருக்கீங்க? இவ தினமும் கேக்கறா."

சொல்லிவிட்டேன். "நீ எதாவது வாங்குனா எனக்கு மெசேஜ் வரும். அதெப் பாத்தாத்தான் நீ எங்க போனே வந்தேன்னு தெரியும்."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அறைக்கதவைச் சாத்தினாள். "அட பாவி மனுசா, இத்தனை நாளா உளவா பாத்துட்டு இருந்தீங்க? என்னென்ன தெரியும், சொல்லுங்க பாக்கலாம்."

"எல்லாந்தெரியும். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது தெரியும். ஒரு வாரத்துல மூணு தடவ மருந்துக்கடை."

"பாப்பாவுக்கு எங்கீங்க வந்துது? எனக்குங்க. பனியில வழுக்கிட்டேன். முட்டி வீங்கிப்போச்சு. களிம்பு, கட்டுத்துணி, மாத்திரை."

"சொல்லவே இல்லியே?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க, அங்கிருந்து? அப்பறம்? வேறென்ன தெரியும்?"

"உனக்கு ஒரு சிநேகிதி இருக்கறது தெரியும்" என்றேன், இந்த முறை கொஞ்சம் தயங்கி. "காப்பிக் கடைல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சிநேகிதியெல்லாம் இல்லீங்க. பகலெல்லாம் ஊட்ல நானும் கொழந்தையும். சன்னலுக்கு வெளிய ஒரு சனம் நடக்காது. இவங்க வந்தா அவங்கவங்க லேப்டாப்பு. நடக்கற தூரத்துல இருக்கற அந்தக் கடைல ஆளுங்க உக்காந்து பேசிட்டிருப்பாங்க. ஒரு காப்பி வாங்குனா எத்தனை நேரம் உக்காந்தாலும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க."

"அவங்க பேசறது புரியுமா?"

"புரியாதுங்க. சத்தங் கேட்டாப் போதும்."

போனை வேறு கைக்கு மாற்றிக்கொண்டேன். "இப்பவும் போறியா?"

"எப்படிங்க போறது? மாப்பிள்ளை காசுல மளிகை வாங்கலாம், அது அவங்க ஊட்டுக்கு. நான் காப்பி குடிக்கறதுக்குமா?"

நான் வியாழக்கிழமை கட்டிய பணம் அவ்வளவு தூரம் போயிருந்தது.

"கார்டு எங்க?" என்றேன்.

"டிராயர்ல கெடக்குது."

"எடுத்துப் பைல வை. அதுல நம்ம பணமே வரவா நிக்குது. நீ திரும்பி வர்ற வரைக்கும் குடிச்சாலும் தீராது."

"அவ கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

அன்றே வங்கிக்குப் போய், பணத்தைக் கணக்குக்குத் திருப்ப வேண்டாம், துணைக் கார்டும் இருக்கட்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மகளுக்கும் போன் செய்து சொன்னேன். "என்னமோ பண்ணுங்கப்பா" என்றாள். அம்மாவின் காப்பியைப் பற்றி அவளிடம் நான் பேசவில்லை. அது அவள் அம்மா சொல்ல வேண்டியது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் செய்தி வந்திருந்தது. அதே காப்பிக் கடை. தொகை வழக்கமானதைப் போல இரண்டு மடங்கு.

இரண்டு காப்பி. மனம் பழக்கதோஷத்தில் கிளம்பிவிட்டது: எதிரே ஒரு நாற்காலி, அதில் ஒருத்தி, பீளமேட்டுக்காரியாகவே இருக்கலாம். அல்லது விலை ஏறியிருக்கலாம். அல்லது முட்டிவலியோடு நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு, எழ மனமில்லாமல் அவளே இன்னொன்று வாங்கியிருக்கலாம். நாட்குறிப்பில் தொகையை மட்டும் எழுதினேன். பிறகு அவளிடமே கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன். அந்த நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது தானாக நிற்கும்வரை காதில் வைத்திருந்தேன்.