பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள் செல்வி

ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னாள். எனக்குக் கேட்டது. கேட்காதவள் போல இருந்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

இதுதான் நான் செய்தது. மூடி மறைத்தது போதும்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. நீங்கள் குரலைத் தாழ்த்தி ‘அந்த நோய்’ என்பீர்களே, அதேதான். லாரி ஓட்டிய புருஷன் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். நான் பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் அரிகிற வேலைக்குப் போகிறேன். மாதாமாதம் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் உடம்பை விட நன்றாகவே இருக்கலாம்!

அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கும் ஒரு துணை வேண்டியிருக்கும் என்று என்றைக்காவது நினைத்ததுண்டா? நினைத்திருக்க மாட்டீர்கள். மாத்திரையைத் தின்றோமா, மூலையில் கிடந்தோமா என்று இருக்க வேண்டும் எங்களுக்கு. அப்படித்தானே?

புருஷன் போய்ச் சில வருஷம் கழித்து, அந்த வரிசையிலேயே ஒருத்தன் என்னிடம் பேசினான். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டான். போனேன். உட்கார்ந்த உடனே கையைப் பிடித்தான். இழுத்துக்கொண்டேன். “நமக்குள்ள இனிமே என்னா இருக்கு?” என்றான்.

அதாவது, அவனுக்கும் அந்த நோய், எனக்கும் அந்த நோய். அதனால் என்னைக் கேட்க வேண்டியதில்லை. என் சம்மதத்தை அந்தக் கிருமியே கொடுத்துவிட்டது என்கிற மாதிரி...

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்தக் கோபத்தில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். வரிசையில் தனியாக நிற்கிற ஆணையும் பெண்ணையும் மரியாதையாக ஒரு தடவை பார்த்துப் பேச வைக்கிற வேலை. அக்கா, யாராச்சும் இருக்காங்களா என்று அவர்களே வந்து கேட்பார்கள். நான் விசாரித்துச் சொல்வேன்.

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். பகலில்தான் பார்க்க வேண்டும். நாலு பேர் நடமாடுகிற இடமாக இருக்க வேண்டும். அவரவர் பஸ்ஸில் வந்து அவரவர் பஸ்ஸில் போக வேண்டும். உனக்கு எப்படி வந்தது என்று ஒருவரையொருவர் கேட்கக் கூடாது. விரல் படுவதென்றாலும் கேட்டுவிட்டுத்தான். சொந்தக்காரர்கள் வரக் கூடாது. அன்றைக்கே முடிவு சொல்லக் கூடாது.

இன்னொன்று. “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று இரண்டு பேரில் யார் சொன்னாலும் அத்தோடு எழுந்துவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. பெண்ணுக்குச் சுத்தமாக வராது. அதற்காக நானே கண்டுபிடித்த வழி. அதில் எனக்கு எவ்வளவு கர்வம்!

செல்வி உடையார்பாளையத்துக்காரி. முந்திரி உடைக்கிறவள். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கிற இடம் மாட்டுக் கொட்டகை ஓரம். அவளாகத்தான் என்னிடம் வந்து கேட்டாள். “பாத்துப் பேசுறேங்க்கா. புடிச்சா சொல்றேன்” என்றாள். நல்ல பேச்சு. தெளிவான பேச்சு.

பழனிவேல் திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். கெட்டவன் இல்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பழியை அவன் தலையில் போட்டிருப்பேன்.

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் புல்தரையில் பார்ப்பது என்று பேசிவைத்தேன். அங்கே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள்.

பழனிவேல் அவன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மீன்சுருட்டியில் கட்டிக்கொடுத்தவள். சும்மா சாமி கும்பிட வந்தேன் என்றாள். தம்பிக்கு இந்த நோய் என்று தெரிந்தும் அவனை விடாமல் பார்த்துக்கொண்டவள். அவளைப் போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் போட்ட கட்டு அங்கேயே அறுந்தது.

வாசலில் பூக்காரி மல்லிகை விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு முழம் வாங்கினேன். ஏன் வாங்கினேன்? புருஷன் போனதிலிருந்து செல்வி தலையில் பூ இல்லை. என் தலையிலும் இல்லை. ஊர் பறித்த பூவை நான் வைத்துவிடப் போகிறேன் என்று எனக்குள் ஒரு வீராப்பு. அவளைக் கேட்கவில்லை. பின்னாலிருந்து போய்க் கொண்டையில் செருகினேன்.

அவள் தலை முன்னுக்கு விலகியது. கொஞ்சம்தான். என் விரலுக்குத் தெரிந்தது.

விரல் படுவதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் என்று ஊருக்குச் சொன்னவள் நான்!

பழனிவேலின் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் தலையில் பூ வைத்தால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். “பூ வச்சாச்சு. அப்புறம் என்னா?” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். இல்லைம்மா, அது சும்மா வச்சது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து பேசினார்கள். உட்காரலாமா என்று கேட்டுத்தான் அவன் உட்கார்ந்தான். நான் தள்ளி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் செல்வி எழுந்து என்னிடம் வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “இருடி, அடுத்த பஸ்ஸுல போலாம்” என்றேன்.

அவள் நின்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

படித்துப் பார்த்தால் ஒன்றுமில்லாத பேச்சுதானே? யாரும் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவளுக்காகத் திறந்துவைத்த ஒரே கதவு அது. அதைத் திறந்துவைத்தவளே சாத்தினேன்.

மீன்சுருட்டிக்காரி அங்கிருந்தே செல்வியின் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் அவன் என்னைத் தேடி வெங்காயக் கொட்டகைக்கே வந்தான். அவனிடம் மட்டும் நான் சரியாகப் பேசியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

“பூ வச்சது நெசந்தானா?” என்று கேட்டான்.

“ஆமா” என்றேன்.

“அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா...”

“வெக்கப்படுறா” என்றேன்.

பொய்! அவள் வெட்கப்படவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். வெக்கப்படுறா என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் நம்பினான். நம்பினானா, எப்போதடா தொலைவாள் என்று இருந்தவனுக்கு அது போதுமானதாக இருந்ததா... எப்படி ஆனாலும் சொன்னது என் வாய்.

ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நானே என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அதற்கு முன்னால் நான் பார்க்க வைத்த ஜோடி எதுவும் கூடவில்லை. பேசுவார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்கள், போய்விடுவார்கள். உன் கட்டுதிட்டத்தில் ஒரு தாலியாவது ஏறியதா என்று வரிசையில் சிரித்தார்கள். ஒரு கல்யாணத்தைக் காட்டிவிட வேண்டும் என்கிற வெறி இருந்தது.

அது மேலாக இருந்தது. அடியில் இருந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோயை வைத்துக்கொண்டு இதைவிட நல்லவன் இவளுக்கு எங்கே கிடைப்பான் என்று நினைத்தேன். ஆமாம், நான்தான்! நமக்குள்ள இனிமே என்னா இருக்கு என்றவனும் நானும் ஒன்றுதான். அவன் கையைப் பிடித்தான். நான் பூவை வைத்தேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் பெரிது. ஆனால் உங்கள் புத்திதான் என் மண்டைக்குள்ளும் இருந்தது. அதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

கல்யாணம் நடந்தது. நான் முன்வரிசையில் நின்றேன். வந்தவர்கள் என்னைப் புண்ணியவதி என்றார்கள். மறுக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் மாத்திரை வரிசையில் செல்வியைப் பார்த்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். விரல் ஆறியிருந்தது. முந்திரி உடைக்கப் போவதில்லையாம்.

“நல்லாத்தான் வச்சிருக்காரு. ஒரு கொறையும் இல்ல.” மாத்திரைச் சீட்டை மடித்தாள். “ஆனா நான் சரின்னு சொல்லவே இல்லியேக்கா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவள் மாதிரி சொன்னாள். மன்னித்துக்கொள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கும் அவள் சரி என்று தலையாட்ட வேண்டியிருக்கும். அதையும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டுமா? கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

நன்றாகத்தானே இருக்கிறாள், பிறகு என்ன என்று யாராவது என்னிடம் சொல்லிப் பாருங்கள். நன்றாக இருப்பது வேறு. அவளைக் கேட்பது வேறு. இது புரியவில்லை என்றால் எழுந்து போங்கள்.

அந்த வேலையை நான் விடவில்லை. இப்போதும் பார்க்க வைக்கிறேன். பூக்காரி கூப்பிட்டால் திரும்பாமல் நடக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று யார் சொன்னாலும் முதல் ஆளாக எழுந்து நிற்பது நான்தான். அதனால் எதுவும் கழிந்துவிடவில்லை.

போன மாதம் வரிசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஜெயங்கொண்டத்துப் பெண். என்னைக் காட்டி, அந்தக்கா நல்லவங்களா, நம்பிப் போலாமா என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள். பக்கத்தில் நின்றவள் செல்வி.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் இருக்கிறேன் என்று தெரிந்தே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

“போ. நல்ல எடமா பாத்து வப்பாங்க. ஆனா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிக்கிட்டு நிக்காத. நீ பாட்டுக்கு ஏறிப் போயிரு.”

அந்தப் பெண் தலையாட்டினாள். வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.