அணைச் சுவரில் கசிந்த நீர்

மட்டாஞ்சேரியில் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். மின் உற்பத்தி அணையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, சுவரில் நீர் கசிவதை வீடியோ எடுத்து, "அணை உடையப் போகுது" என்று தெரு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். ஊர் திரும்பினால், பக்கத்து அரிசிக் கிடங்கில் வெள்ளத்துக்குப் பயந்து மூட்டைகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் எதிர்வீட்டு ஷைனி லீவில் வந்தாள். அவளுக்கு அந்த அணையில்தான் வேலை.

"சேட்டா, எந்த அணையும் கொஞ்சம் கசியும். சுவருக்குள்ளயே சுரங்கம் மாதிரி பாதை இருக்கு, அதுல இறங்கித் தினமும் அளப்போம். திடீர்னு கசிவு கூடினாலோ, தண்ணி கலங்கி வந்தாலோதான் பயம்."

"சுவருக்குள்ள இறங்கி எவன் அளக்குறான்?" வீம்பாகக் கேட்டேன்.

"ஞான்தான், நானேதான்" என்று சிரித்தாள்.

உடனே போனை எடுத்தேன். குழுவில் மன்னிப்புக் கேட்டேன். மூட்டைகளை நானே கீழே இறக்கினேன்.

இப்போதெல்லாம் மழை வலுத்து, "அணை தாங்குமா?" என்று யாராவது கேட்டால், "உள்ளே நம்ம ஷைனி நிக்கிறா" என்கிறேன்.