எண்பத்தேழுக்கும் எண்பத்தெட்டுக்கும் நடுவில்

மடத்துச் சுவடிகளின் பட்டியல் அச்சில் வந்து ஒன்பது வருஷமாகிறது. அந்த நூற்பட்டியலின் நன்றியுரைப் பக்கத்தை நினைத்தால் கோர்பினியனுக்கு இன்றும் வாயில் பித்தம் ஊறும். அட்டையில் மடத்து நூலகத் தலைவர் எம்மெராம் சாமியின் பெயர். உள்ளே ஆயருக்கு நன்றி, அச்சகத்துக்கு நன்றி, வெளியீட்டு விழாவுக்கு வெண்ணெய் ரொட்டி அனுப்பிய கடைக்காரருக்குக்கூட நன்றி. அதற்கும் கீழே, உதவியவர்கள் வரிசையில், பொடி எழுத்தில் ஹில்ட்ரூட் ஆஷாவர். இருபத்திரண்டு வருஷம் அந்தக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து முந்நூறு லத்தீன் சுவடிகளையும் படித்து விவரம் எழுதியவர் அவர்தான்.

கோர்பினியன் அங்கே சுவடி எடுத்துக் கொடுக்கிற ஆள். டான்யூப் கரையில் தோல் பதனிட்டவரின் மகன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் என்பதால் ஹில்ட்ரூட்டை டாக்டரம்மா என்பான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செத்துப்போன தம்பியின் கம்பளிச் சட்டையை முழங்கை கிழிந்த பிறகும் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். மத்தியானம் மாடிப்படியில் நின்றபடி ரொட்டியும் முள்ளங்கியும் தின்பார். சுவடி அறைக்குள் ஒரு துணுக்குகூட விழ விடமாட்டார்.

அவர் எண் வரிசையில் எடுப்பதில்லை; கடைசியாக எடுத்தது இருநூற்றுப் பதினான்காம் சுவடி. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு துறவி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வதற்காகக் கன்றுத்தோலில் எழுதி வைத்துக்கொண்டது. பிரசங்கங்கள், நடுநடுவே நீதிக் கதைகள். திறந்தால் எலி மூத்திர வாடை, புரட்டினால் விரலில் பிசுபிசுப்பு. கதைகளும் அதற்கேற்ற மாதிரிதான்: கஞ்சனின் தொண்டையில் தேரை, பெருந்தீனிக்காரனின் வயிற்றில் புழு. டாக்டரம்மா சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார். கோர்பினியனுக்குக் குமட்டும்.

ஒவ்வொரு கதைக்கும் முதல் வரியையும் கடைசி வரியையும் பட்டியலில் எழுத வேண்டும். பீடத்து மெழுகைத் திருடிய கோயில்பிள்ளையின் கதைக்கு முதல் வரி இருந்தது, கடைசி வரி இல்லை. ஆயர் முன்னால் திருடன் வாயைத் திறக்கிறான். எதிர்ப்பக்கத்தில் நோன்பைப் பற்றிய பிரசங்கம் பாதியிலிருந்து ஓடுகிறது. ஏட்டு எண்கள் மட்டும் எண்பத்தேழு, எண்பத்தெட்டு என்று ஒழுங்காக இருந்தன. எழுதினவன் தூங்கிவிட்டான் போல என்றார் டாக்டரம்மா.

கோர்பினியன் விரலால் தடவிப் பார்த்தான். தோல் ஏடுகளைக் கட்டாக அடுக்கும்போது முடியிருந்த பக்கம் முடிப்பக்கத்தைப் பார்க்கும், சதைப்பக்கம் சதைப்பக்கத்தைப் பார்க்கும். மஞ்சளுக்கு எதிரே மஞ்சள், வெளுப்புக்கு எதிரே வெளுப்பு. இங்கே அப்படி இல்லை.

"டாக்டரம்மா, இங்க முடிப்பக்கம் சதைப்பக்கத்தைப் பாக்குது. நடுவுல ஒரு தோலு போயிருக்கு."

தையலோரம் விரித்துப் பார்த்தார்கள். எட்டு ஏடு இருக்க வேண்டிய கட்டில் ஏழுதான் இருந்தது. மடிப்புக்குள் வெட்டிய ஓரம், உரித்த வெங்காயம் மாதிரி வெள்ளையாக. பழைய வெட்டாக இருந்தால் அழுக்கேறியிருக்கும். எண்கள் எம்மெராம் சாமியின் கையெழுத்து. வெட்டிய பிறகு எண் போட்டால் போனது யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷம், மடத்துக் கூரையை மாற்றிக் கொடுத்த பீர் ஆலை முதலாளிக்குச் சாமி ஒரு கண்ணாடிச் சட்டம் கொடுத்தனுப்பினார். பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனவன் அவனேதான். அங்கே பிரித்தபோது பார்த்தான்: பழைய எழுத்தோடு ஒரு தோல் ஏடு, மூலையில் வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்யும் நரி. முதலாளியம்மா ஈரல் உருண்டை சூப் கொடுத்தாள். இரண்டு கிண்ணம் குடித்தான். இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னான், சூப் குடித்ததையும் விடாமல்.

டாக்டரம்மா பட்டியலில் எழுதினார்: ஓர் ஏடு அண்மைக் காலத்தில் கத்தியால் வெட்டப்பட்டது, எண்கள் அதற்குப் பின் இடப்பட்டவை. இரண்டே நாளில் சாமி அந்தத் தாளோடு வந்து நின்றார். நொந்துபோன முகம், வாசனைச் சோப்பு மணக்கும் கை.

"ஏடு இல்லம்மா. இல்லைன்னு போட்டாப் போதும். எப்ப, எப்படிங்கறதெல்லாம் எதுக்கு? பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

கோர்பினியன் கதவோரம் சுவடி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குடியிருந்தது மடத்து வீட்டில். அவன் பேசவில்லை. டாக்டரம்மாவும் அவன் பக்கம் திரும்பவில்லை. போகிறபோது சாமி அவன் தோளைத் தட்டினார். அன்று சாயங்காலம் அந்தத் தோளை அவன் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவினான். அருவருப்பு போகவில்லை; சாமி மேல் பாதி, தன் மேல் பாதி.

அச்சில் வந்தது வேறு வரி: ஓர் ஏடு பழங்காலத்திலேயே தொலைந்தது. டாக்டரம்மா ஒருமுறை படித்துவிட்டு மூடினார். அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கோர்பினியன் போய்ப் பார்த்தான். மூக்கில் குழாய், கம்பளிச் சட்டை நாற்காலியில். அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும் என்றான்.

"ஆமா, தெறந்திருக்கணும்" என்றார் அவர். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"வாசிப்பறையில ஒரு பட்டியல் இருக்குல்ல, வர்றவங்க எல்லாம் பாக்கறது. அதுல இருநூத்திப் பதினாலு பக்கத்துல எழுதுங்க. எந்த வருஷம், எதை, யார் சொல்லி, யார் வீட்டுக்குக் கொண்டுபோனீங்கன்னு."

"எனக்கு எழுத்து கோணலா வருமே, டாக்டரம்மா."

"வரட்டும். கீழ உங்க பேரைப் போடுங்க."

கறை பட்டால் போகாது என்று இருபத்திரண்டு வருஷம் யாரையும் மைப்பேனாவோடு சுவடி அறைக்குள் விடாதவர், அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"மையில எழுதுங்க, கோர்பினியன்."