குட்டனுக்காக இறக்கிய நட்சத்திரம்

குட்டனை யாராவது நாய் என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். ரப்பர்த் தோட்டத்தில் அநாதையாகக் கிடந்த அந்தப் பழுப்புக் குட்டியைத் தூக்கி வந்தவர் அவர்தான். அப்போதுதான் நாங்கள் வெள்ளறடையிலிருந்து குளத்தூருக்கு வாடகை வீடு மாறியிருந்தோம். எங்களைப் பற்றி அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

கிறிஸ்துமஸ் வந்தது. சீரியல் பல்பு வயரைக் குட்டன் கடித்தான். அப்பா அதைச் சுருட்டிப் பரணில் போட்டார். உலர்திராட்சை நாய்க்கு விஷம் என்று போனில் படித்துவிட்டு, அம்மா செய்த கேக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினார். தொண்டையில் சிக்கும் என்று பலூன்களும் போயின. இயேசு பிறந்த தொழுவமாய்ச் செய்த புல்கூட்டில் ஒரு பொம்மை ஆட்டுக்குட்டிக்குக் கால் காணாமல் போனதும் புல்கூடும் போயிற்று. கடைசியில், முகப்பில் தொங்கிய நட்சத்திரத்தின் வாலைக் கவ்வி அவன் ஊஞ்சலாட, அதையும் இறக்கிவிட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டில் பிறந்தது யார் என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"நச்சத்திரம் தொங்காத வீட்ட எளவு வீடுண்ணு ஆக்கும் ஆளுவ நெனைப்பாவ," என்றாள் அம்மா.

"நெனைச்சா நெனைச்சிட்டுப் போட்டு," என்றார் அப்பா.

எனக்கு வேறு பயம் இருந்தது. முந்தின வாரம் வேறொரு சபையின் கேரல் குழு வந்தபோது, டிரம் சத்தத்தில் மிரண்டு குட்டன் சாலைக்கு ஓடினான். பாறசாலை பஸ் பிரேக் போட்டதால் பிழைத்தான். இன்று எங்கள் சபையார் வரும் நாள். இன்னொரு முறையும் பஸ் நிற்குமா?

அந்தியில் டிரம் சத்தம் நெருங்கியது. குட்டனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீடுவரை அமர்க்களமாக வந்த கூட்டம், எங்கள் இருண்ட முகப்பைப் பார்த்ததும் சட்டென்று அடங்கியது. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். டிரம் அடித்த அண்ணன் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். எல்லோரும் சத்தமில்லாமல் உள்ளே வந்து, மெல்லிய குரலில் இழுத்து இழுத்து ஒரு பாட்டுப் பாடினார்கள். அவ்வளவு நல்ல கேரலை நான் அதுவரை கேட்டதில்லை. குட்டன் கொட்டாவி விட்டு, என் மடியிலேயே தூங்கிப்போனான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் சபையின் உபதேசியார் அப்பாவின் கையைப் பிடித்து, "எப்பம் ஆச்சு?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். டிரம்மைப் பார்த்தார், குட்டனைப் பார்த்தார். பிறகு வாயை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. நானும் ஓவென்று அழுதேன்.

"கரையாத மக்கா. கர்த்தர் உண்டு," என்று உபதேசியார் என் தலையைத் தடவினார். எங்கள் வீட்டின் ஆறுதலுக்காக நீண்ட ஜெபம் செய்தார். சாலை வளைவு தாண்டிய பிறகுதான் டிரம் மறுபடி ஒலித்தது. அடுக்களையில் அப்பாவும் அம்மாவும் வெகுநேரம் விம்மிக்கொண்டிருந்தார்கள்.

சின்னப் பொய்க்கும் பிரம்பை எடுக்கும் அப்பா, அன்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் டிரம் முழங்கியிருக்கும். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பாட்டுக்கே உருகி அழும் பக்திமான் என் அப்பா என்று அடுத்த ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் எழுந்து நின்று பெருமையாகச் சொன்னேன்.